உங்கள் தட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கடிதம்

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து 35 வயதுத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு மேசன் வேலை. நாட்சம்பளம் 3,000 ரூபா. மாதத்தில் 18 நாள் வேலை கிடைத்தால் அது நல்ல மாதம். கார்த்திகை, மார்கழி மழையில் அதுவும் இல்லை. வீட்டில் ஆறு பேர்: கணவர், இவர், சலரோகம் உள்ள 72 வயது மாமி, எட்டாம் வகுப்பு மகள், மூன்றாம் வகுப்பு மகன், 16 மாதக் குழந்தை. இரண்டு நுண்கடன்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்துக் கிழமைக்கு 4,750 ரூபா கட்ட வேண்டும். செவ்வாய் காலையில் காசு வாங்க ஆள் வரும் என்பதால், திங்கள் இரவு பல தடவை அடுப்பு மூட்டுவதில்லை. பிள்ளைகளுக்கும் மாமிக்கும் ஆளுக்கு இரண்டு துண்டு பாணும் தேத்தண்ணியும். இவருக்கு வெறும் தேத்தண்ணி.

மீனைக் கிழமைக்கு ஒரு நாளாகக் குறைத்துவிட்டார். வீட்டில் நான்கு ஊர்க்கோழி நிற்கிறது. முட்டையைக் கடைக்கு 40 ரூபாவுக்குக் கொடுத்து, அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்குகிறார். 400 கிராம் பால்மா மாதம் நான்கு பைக்கற்று. அது மாதக் கடைசி வரை இழுபட வேண்டும் என்று தண்ணீரைக் கூட்டிக் கரைக்கிறார். ஒரு ஏக்கர் மானாவாரி வயல் மாமியின் பெயரில் இருக்கிறது. போன பெரும்போகத்தில் கிடைத்த 20 மூட்டை நெல்லையும் வெட்டிய கையோடு விற்று, உரக்கடைக் கடனைக் கொடுத்தார்கள். இப்போது கிலோ 230 ரூபாவுக்கு அரிசி வாங்குகிறார்கள். அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கும் அஸ்வெசும உதவிப் பட்டியலில் பெயர் வரவில்லை.

சில மாதமாகத் தலைச்சுற்று. கிணற்றில் நாலு வாளி அள்ளினால் மூச்சு வாங்குகிறது, தலைமுடி கொட்டுகிறது. கடைசி இரண்டு தடவை நிறுத்தபோதும் குழந்தையின் எடை ஏறவில்லை. தாய்ப்பாலை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார். "நானே ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, என் பாலில் என்ன சத்து இருக்கப் போகிறது?" என்று கேட்கிறார். கடைசிக் கேள்வி இது: "சாப்பாட்டில் இன்னும் எதைக் குறைக்கலாம் டொக்டர்? வேறு எதிலும் கை வைக்க முடியாது."

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைக் கொப்பியைப் பார்த்து ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் வீட்டுக் கணக்கை வைத்தே பதில் எழுத முடிகிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் சாப்பாட்டின் அளவைக் குறைக்க இனி இடமில்லை. செலவைக் குறைக்க இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடங்களில் நீங்கள் இன்னும் கை வைக்கவில்லை. முட்டை, மீன், உங்கள் இரவுச் சாப்பாடு என்று இதுவரை குறைத்ததெல்லாம் குறைக்கவே கூடாதவை.

தலைச்சுற்று, மூச்சு வாங்கல், முடி கொட்டுதல் மூன்றும் சேர்ந்து வரும்போது முதலில் சந்தேகிப்பது இரத்தச்சோகையை. கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, இரத்தத்தைப் பார்க்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் அந்தப் பரிசோதனைக்குக் காசு கட்டத் தேவையில்லை. உங்களுக்கு 35 வயது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் பெண்கள் நலக் கிளினிக்கில் இந்த வயதுப் பெண்களைத் தனியாக அழைத்துப் பரிசோதிக்கிறார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாள் கேளுங்கள். மாதவிடாயில் இரத்தம் அதிகம் போகிறதா, எத்தனை நாள் நீடிக்கிறது என்பதை அங்கே வெட்கப்படாமல் சொல்லுங்கள். நீங்கள் அதை எழுதவில்லை. பல பெண்களுக்கு இரத்தம் குறைவதற்கு அதுவே பாதிக் காரணம்.

முருங்கையிலை சாப்பிட்டால் இரத்தம் ஊறிவிடும் என்று மாமி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். முருங்கையிலை நல்லது, கட்டாயம் சாப்பிடுங்கள். ஆனால் இரத்தம் நன்றாகக் குறைந்த பிறகு கீரையால் மட்டும் அதை மீட்க முடியாது. கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் கொஞ்சமாகத்தான் எடுக்கும். மாத்திரை தந்தால் சொன்ன காலம் முழுக்கப் போடுங்கள். தலைச்சுற்று நின்றவுடன் விடக்கூடாது, தீர்ந்துபோன சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் எடுக்கும். கீரைக்குத் தேசிக்காய் விட்டுக்கொள்ளுங்கள். அதே சோற்றில் ஒரு துண்டு மீனோ கொஞ்சம் நெத்தலியோ இருந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாக உடலில் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள், அது இரும்பு சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். மகளுக்கும் இதைப் பழக்குங்கள்.

அந்த மகளைப் பற்றி ஒரு வார்த்தை. போன வருடம் பெரியபிள்ளையானாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்திருப்பீர்கள். வளர்கிற பெண்பிள்ளைக்கு அது தேவை என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தேவை அந்தச் சில நாட்களோடு முடிவதில்லை, மாதாமாதம் இரத்தம் போகிற காலம் முழுக்க இருக்கிறது. இப்போது அவள் காலையில் பாணும் சீனிச் சம்பலும் சாப்பிட்டுப் பாடசாலைக்குப் போகிறாள். வீட்டுக் கோழியின் முட்டை கடைக்குப் போகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உங்கள் கணக்கில் முட்டை காசாகத் தெரிகிறது. எனக்கு அது மகளின் இரத்தமாகத் தெரிகிறது.

உங்கள் வீட்டில் கணவர் முதலில், பிறகு பிள்ளைகள், மாமி, கடைசியாகச் சட்டியில் மிஞ்சினது உங்களுக்கு. சமைத்து இறக்கியவுடன் உங்கள் பங்கை, கறியோடும் மீனோடும், ஒரு கோப்பையில் எடுத்து மூடி வையுங்கள். பிறகு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள். கணவருக்கு இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலை அவரிடமே வாசிக்கக் கொடுங்கள். கொப்பியில் அவருடைய வெற்றிலை, சிகரெட் பற்றி ஒரு வரியும் இல்லை. அவருக்கு அந்தப் பழக்கமே இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் அந்தச் செலவையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

பால்மாவும் பிஸ்கட்டும்

உங்கள் கொப்பியில் பால்மா 4,400 ரூபா, மோல்ட் மா 950, பிஸ்கட் 1,800. மூன்றும் சேர்த்து மாதம் 7,150 ரூபா. இதைத் தொட முடியாது, பிள்ளைகளின் சத்து என்று நினைக்கிறீர்கள். கணக்குப் பார்ப்போம்.

400 கிராம் பால்மாவில் ஏறத்தாழ 100 கிராம் புரதம் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் 1,100 ரூபாவுக்கு ஒரு கிராம் புரதம் 11 ரூபா ஆகிறது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். 40 ரூபா முட்டையில் ஒரு கிராம் 7 ரூபாவுக்கும் குறைவு. கிலோ 1,500 ரூபா நெத்தலிக் கருவாட்டில் பாதிக்கு மேல் புரதம், ஒரு கிராம் 3 ரூபாவைத் தாண்டாது. 300 ரூபா மைசூர்ப் பருப்பில் ஒன்றேகால் ரூபா. மோல்ட் மாவிலும் பிஸ்கட்டிலும் பெரும் பங்கு சீனியும் மாவும்தான். அவற்றைப் புரதக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை.

அதிலும் நீங்கள் பால்மாவைத் தண்ணீர் கூட்டிக் கரைக்கிறீர்கள். 1,100 ரூபா கொடுத்தும் குழந்தைக்குப் போவது வெள்ளைத் தண்ணீர். அது வயிற்றை நிரப்புவதால் அடுத்த வேளை சோற்றைத் தள்ளிவிடுகிறது. எடை ஏறாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆறு மாதம் கடந்து, வீட்டுச் சாப்பாடு சாப்பிடத் தொடங்கி, தாய்ப்பாலும் குடிக்கிற பிள்ளைக்குப் பால்மா கட்டாயமே இல்லை. ஒரு வயதுக்கு மேல் என்று வயது போட்டு விற்கும் விசேஷப் பால்மாவும் தேவையில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. "பால்மா கொடுக்காவிட்டால் சனம் என்ன சொல்லும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் எந்தச் சாமான் கடைக்கு வரும், எது வராது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்குப் பால்மா என்பது கிடைத்தால் பொக்கிஷம். அந்த ஏக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் ஆள் இல்லை, பட்டினி கிடந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் குரக்கன், உழுந்து, கச்சான், குளத்து மீன், கீரை என்று எதை வைத்துச் சமாளித்தார்கள் என்று மாமியிடம் கேட்டுப் பாருங்கள்.

பால் வேண்டும்தான் என்றால், உங்கள் பக்கத்து வீட்டார் பால் சேகரிப்பவரிடம் ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்களே, அவர்களிடமே லீற்றர் 200 ரூபாவுக்குக் கேளுங்கள். ஒரு பைக்கற்றுப் பால்மாவை முறையாகக் கரைத்தால் ஏறத்தாழ 3 லீற்றர் பால். அதாவது லீற்றர் 360 ரூபாவுக்கு மேல். பசும்பால் அதைவிட மலிவு, நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும். ஒரு நாளைக்கு அரை லீற்றர் என்றால் மாதம் 3,000 ரூபா.

சரி, மொத்தக் கணக்குக்கு வருவோம். 7,150 ரூபாவில் பாலுக்கு 3,000 போனால் 4,150 மிச்சம். அதில் ஒரு கிலோ நெத்தலியும் மேலதிகமாக மூன்று கிலோ பருப்பும் வாங்குங்கள், 2,400 ரூபா. முட்டையை விற்பதை நிறுத்தினால் மாதம் 40 முட்டைக் காசு 1,600 ரூபா வராமல் போகும். எல்லாம் போக உங்கள் கையில் மிஞ்சுவது 150 ரூபாதான். பெரிய தொகை மிச்சமாகும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் அதே காசுக்கு வீட்டுக்குள் முட்டையும் கருவாடும் பருப்பும் வந்திருக்கின்றன. நான் இதை முதலில் செய்யச் சொல்வது அதற்காகத்தான்.

பிஸ்கட்டுக்குப் பதிலாக என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது வாங்கிக் கொறிக்கிறோமே, அந்தக் கச்சான் போதும். பெரிய பிள்ளைகள் இருவருக்கும் ஒரு கைப்பிடி அவித்த கச்சானோ வறுத்த கச்சானோ கொடுங்கள். குழந்தைக்கு முழுக் கச்சான் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைக்கும். வறுத்து இடித்து, கஞ்சியிலோ சோற்றிலோ கலந்து கொடுங்கள்.

குழந்தையின் சாப்பாடு இறுக்கமாக இருக்க வேண்டும். குழைத்த சோறு, பருப்பு, மசித்த கீரை, அவித்த முட்டையில் பாதி அல்லது முள் நீக்கிய மீன், அதன் மேல் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ தேங்காய்ப்பாலோ. நாளைக்கு மூன்று வேளை இப்படி, இடையில் இரண்டு தடவை வாழைப்பழம், அவித்த கிழங்கு போல ஏதாவது. கரண்டியிலிருந்து ஊற்றினால் ஓடுகிற கஞ்சியால் எடை ஏறாது.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். தாய் குறைவாகச் சாப்பிட்டால் பாலில் சத்து இருக்காது என்பது சரியல்ல. மிக மோசமான பட்டினியில்லாவிட்டால் பாலின் தரம் பெரிதாகக் குறைவதில்லை. அந்தச் சத்தைத் தாயின் உடல் தன்னிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறது. பால் குழந்தைக்கு நல்லதாகத்தான் போகிறது, தேய்வது நீங்கள். அதனால் நீங்கள் சாப்பிட வேண்டும். இரண்டு வயது வரைக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

பாணை நிறுத்தினால் பெரிய இலாபம் என்று பலர் சொல்வார்கள். உங்கள் விலைக்கு இரண்டு பாண் 260 ரூபா. அரிசி மாப் புட்டு அவித்தால் அரிசியும் அரைத் தேங்காயும் சேர்ந்து ஏறத்தாழ அதே காசு வருகிறது. புட்டு பசி தாங்கும், அது உண்மை. ஆனால் கடை அரிசியில் செய்தால் காசில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வருவது அரிசி உங்கள் வயலில் இருந்து வந்தால்தான்.

நெல்லை விற்று அரிசி வாங்குவது

என் கணக்கில் உங்கள் வீட்டின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். மாசியில் கிலோ 100 ரூபாவுக்கு நெல்லைக் கொடுத்தீர்கள். நெல் குத்தினால் நூறு கிலோவுக்கு ஏறத்தாழ 65 கிலோ அரிசி கிடைக்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் சொந்த அரிசி கிலோ 154 ரூபா. அவிச்சல், மில் கூலி எல்லாம் சேர்த்தாலும் 170ஐச் சுற்றித்தான் நிற்கும். கடையில் நீங்கள் கொடுப்பது 230. கிலோவுக்கு 60 ரூபா. மாதம் 35 கிலோ என்றால் 2,100 ரூபா. தவிடு கோழிக்கு.

65 கிலோ மூட்டை பத்து வைத்திருந்தால் ஒரு வருடத்துக்கான அரிசி வீட்டில் இருக்கும். உரக்கடைக் கடன் கழுத்தை நெரிக்கும்போது பத்து மூட்டையை வைத்திருங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், செய்வது உங்களுக்குக் கஷ்டம். ஐந்து மூட்டையிலிருந்து தொடங்குங்கள், ஆறு மாதம் தாங்கும். விதைக்கும்போதே கணவரோடும் மாமியோடும் இதைப் பேசி முடிவெடுத்துவிட வேண்டும். அறுவடை நாளில் வயற்கரையில் லொறியோடு வியாபாரி நிற்கும்போது பேசினால் நடக்காது.

மெசினால் வெட்டிய நெல்லில் ஈரம் இருக்கும். அப்படியே மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து அரிசி கெடும், அது ஈரலுக்கும் கூடாது. வெயிலில் நன்றாகக் காயப் போட்டு, ஒரு நெல்லைக் கடித்தால் நசியாமல் டக்கென்று உடைகிற பதம் வந்த பிறகு கட்டுங்கள். மூட்டையைச் சுவரோடு ஒட்டாமல், நிலத்தில் படாமல் பலகையில் அடுக்குங்கள். முழுவதையும் ஒரே தடவையில் அவிக்காமல், மாதத்துக்கு ஒரு கிடாரமாக அவித்துக் குத்தினால் வண்டு பிடிக்காது. தவிட்டை முழுக்க நீக்காமல் குத்தித் தரச் சொல்லுங்கள். புழுங்கலரிசியாகவும் தவிடு கொஞ்சம் ஒட்டியதாகவும் இருந்தால் சத்தும் கூட, மாமியின் சீனிக்கும் வெள்ளைப் பச்சையரிசியைவிட நல்லது.

மாமியின் மருந்து

மாமிக்குப் பாமசியில் மாதம் 2,400 ரூபாவுக்கு மாத்திரை வாங்குகிறீர்கள். வைத்தியசாலைக் கிளினிக்கில் தரும் மாத்திரை "வேலை செய்யாது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாத்திரையின் பெயரைப் பாருங்கள். மெற்போமின் என்றால் பாமசியிலும் மெற்போமின்தான், கிளினிக்கிலும் மெற்போமின்தான். பெட்டியின் நிறம் மட்டும் வேறு. கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு மாமியை அங்கேயே திரும்பக் கூட்டிப் போங்கள். சில வேளை ஒரு மருந்து அங்கே இருப்பில் இல்லாமல் வெளியே எழுதித் தருவார்கள். அப்போது அதை மட்டும் வாங்கினால் போதும். காத்திருக்கும் நேரம் அதிகம், அது உண்மை. ஆனாலும் உங்கள் வருமானத்தில் 2,400 ரூபா ஏறத்தாழ ஒரு நாள் கூலி.

இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. திங்கள் இரவு எல்லோரும் சாப்பாட்டைச் சுருக்கும்போது மாமி இரவு மாத்திரையை வழக்கம்போலப் போடுகிறாரா? சில சீனி மாத்திரைகள், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்றவை, சாப்பாடு போதாமல் போட்டால் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். வயதானவர் நித்திரையிலேயே மயங்கிவிடலாம். இன்சுலின் என்றால் இன்னும் ஆபத்து. எந்த மாத்திரை என்று கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள். அதுவரை அவருடைய இரவுச் சாப்பாட்டை ஒரு நாளும் குறைக்காதீர்கள். திடீரென்று வியர்த்தால், கை நடுங்கினால், பேச்சுத் தடுமாறினால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

மின்சாரமும் கடையும்

உங்கள் பில்லில் 68 அலகு. வீட்டு மின்கட்டணத்தில் 60 அலகு ஒரு எல்லை. அதைத் தாண்டினால், தாண்டிய எட்டு அலகுக்கு மட்டுமில்லாமல் முதல் அலகிலிருந்தே வேறு விலை போடுகிறார்கள், மாதாந்த நிலையான கட்டணமும் ஏறுகிறது. எட்டு அலகைக் குறைப்பது பெரிய வேலை இல்லை. தினமும் காலையில் சட்டை அயன் பண்ணாமல் கிழமைக்கு ஒரு நாள் எல்லாவற்றையும் சேர்த்துப் பண்ணுங்கள், பழைய குண்டு பல்ப் இருந்தால் மாற்றுங்கள். மீற்றரைக் கிழமைக்கு ஒரு தடவை பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள்.

கடனுக்குச் சாமான் தரும் கடை உங்களைப் பல நாள் காப்பாற்றியிருக்கிறது, அந்தக் கடைக்காரரை முறிக்கச் சொல்லவில்லை. பருப்பு, சீனி, கருவாடு, சவர்க்காரம் ஆகிய நான்கை மட்டும் கையில் கூலி வந்த நாளில் சங்கக்கடையிலோ அரசாங்கக் கடையான சதொசவிலோ காசுக்கு வாங்கி, விலையைக் கொப்பியோடு ஒத்துப் பாருங்கள். எங்கே தொடர்வது என்று அந்த வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

கிழமைக் கடன்

கிழமைக்கு 4,750 என்றால் மாதம் 20,000 ரூபாவுக்கு மேல். நல்ல மாதத்திலேயே உங்கள் வருமானம் 54,000. நீங்கள் உணவைக் குறைக்கவில்லை, கடன்தான் உணவைத் தின்கிறது. நான் வைத்தியர், கடன் விவகாரத்தில் கடைசி வார்த்தை என்னுடையது அல்ல. ஆனால் செவ்வாய்க்கிழமைக்காகத் திங்கட்கிழமை பட்டினி கிடப்பது ஒரு நோயின் காரணம் என்பதால் இதை விட்டுவிட முடியாது.

2018இல் இலங்கை வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, இந்த நுண்கடன்கள் பெண்களை எப்படி நெருக்குகின்றன என்று தன் அறிக்கையில் எழுதினார். அதே வருடம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணமும் அறிவித்தது. உங்களைப் போல எத்தனையோ பேர் சிக்கியதால்தான் அது நடந்தது. கடனைக் கட்ட முடியாமல் இருப்பது உங்கள் கெட்டித்தனக் குறைவு அல்ல.

இரண்டாவது கடனை அடைக்க மூன்றாவது எடுக்காதீர்கள், அதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இரண்டு நிறுவனங்களிடமும் எடுத்த தொகை, கட்டியது, மிச்சம், வட்டி வீதம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். தவணையைச் சின்னதாக்கி, காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் விண்ணப்பியுங்கள், பிரதியை வைத்திருங்கள். குழுக்கடன் என்பதால், ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்களும் பொறுப்பு. அதனால் அந்தப் பெண்களிடம் முதலே சொல்லிவிடுங்கள். நீங்கள் கட்டாத நாளில்தான் அவர்களுக்குத் தெரியவரும் என்றால் நட்பு முறியும். வீட்டில் வந்து இருந்து எழும்ப மாட்டேன் என்பதோ கெட்ட வார்த்தை பேசுவதோ காசு வாங்க வருபவரின் உரிமை அல்ல. அப்படி நடந்தால் பொலிசில் முறையிடலாம். சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், அவரிடமிருந்து தொடங்குவது சுலபம்.

கேட்டு வாங்க வேண்டியவை

அஸ்வெசும பட்டியலில் ஒரு தடவை பெயர் வராவிட்டால் அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டீர்கள். அப்படி இல்லை. அதில் மேன்முறையீடு இருக்கிறது, புதிய விண்ணப்பச் சுற்றுகளும் வருகின்றன. 2025 தை மாதத்திலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாவும் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாவும் தருகிறார்கள். பிரதேச செயலகத்தில் உங்கள் விண்ணப்பத்தின் நிலையைக் கேளுங்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை நாள் வேலை, என்ன நோய் என்று உள்ளதைச் சொல்லுங்கள். கல்வீடு இருக்கிறதே என்று வெட்கப்பட்டு வருமானத்தைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. மாமிக்கு 70 வயது தாண்டிவிட்டதால் முதியோர் கொடுப்பனவு பற்றியும் அதே நாளில் தனியாகக் கேளுங்கள்.

மகன் ஆரம்ப வகுப்பில் இருப்பதால் அவனுக்குப் பாடசாலையில் உணவு உண்டு. காலையில் சண்டை பிடித்தாவது அவனைப் பாடசாலைக்கு அனுப்புவதற்கு அதுவும் ஒரு காரணம். மகளுக்கு அங்கே இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் போடுகிறாளா என்று விசாரியுங்கள்.

குழந்தையின் எடை இரண்டு தடவை ஏறாததால் அவனுக்குத் திரிபோஷா என்ற சத்துமா கிடைக்குமா என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். எடை குறைந்த பிள்ளைகளுக்கு அது இலவசம். கிடைத்தால் அது அவனுக்கு மட்டும்தான். வீட்டில் எல்லோருக்கும் பங்கு பிரித்தால் பத்து நாளில் முடிந்துவிடும், அவனுக்கு எடை ஏறாது. போகும்போது பிள்ளையின் பதிவேட்டைக் கொண்டு போங்கள். பால்மாவுக்குத் தண்ணீர் கூட்டியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏச மாட்டார்கள், ஏசினாலும் சொல்லுங்கள்.

கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள் இருக்கின்றன. உங்களுக்கு இருந்த இடத்திலேயே மூச்சு வாங்குவது, நெஞ்சு வலிப்பது, நெஞ்சு படபடவென்று அடிப்பது, மயங்கி விழுவது, மலம் கறுப்பாகப் போவது. குழந்தைக்கு இரண்டு காலும் வீங்குவது, பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, வயிற்றோட்டத்தோடு சிறுநீர் குறைவது. இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனத்துக்குக் காசு இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்சுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.